உப்புத் தண்ணீர் பார்க்காத வண்டி

படகு என் தம்பியுடையது. அதை இழுக்க ஒரு வண்டி வாங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். எனக்குக் கடலும் தெரியாது, வண்டியும் தெரியாது. அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்தக் குணத்தை என் கணவர் நோய் என்பார். அவருக்கு வாகனம் என்றால் ஜன்னலோர இருக்கை, அவ்வளவுதான். அதனால் இந்தக் கதையில் அவர் வர மாட்டார்.

போன வருடம் மழை தொடங்கும் சமயத்தில் புயல் வருகிறது என்றார்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள், கப்பல்களை நிறுத்தினார்கள். தம்பியின் டுங்கி சிப்பிகாட் பக்கம் ஒரு உப்பங்கழியில் கட்டிக் கிடந்தது. டுங்கி என்றால் ஃபைபரில் செய்த சின்ன மோட்டார் படகு. போர்ட் பிளேரில் தமிழர், வங்காளி, தெலுங்கர் யாராக இருந்தாலும் அதற்கு அந்த ஒரே பெயர்தான். காற்று ஏறியதும் தம்பி யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய், கழுத்தளவு தண்ணீரில் நின்று, படகு கற்சுவரில் மோதாமல் முதுகு கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்து அவன் மனைவி பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். கரையில் நின்று அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குக் குரலே போய்விட்டது. படகு ஒரு விரிசலோடு தப்பியது. தம்பி தோள்பட்டை கிழிந்து வந்தான்.

அவள் சண்டை போடவில்லை. சில நாட்கள் கழித்து, என் அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னாள்.

"மதினி, இன்னொரு தடவ அவுக இப்படிப் போனாகன்னா நான் கரையில நிக்க மாட்டேன். பிள்ளையத் தூக்கிட்டு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிருவேன்."

"கோவத்துல பேசாத புள்ள."

"கோவம் இல்ல மதினி. என்னால நின்னு பாக்க முடியல."

அவள் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் அல்ல. தம்பியைப் படகை விற்கச் சொல்ல முடியாது. அவன் பிடிக்கும் மீன்தான் அவர்கள் வீட்டுச் சோறு. அப்படியென்றால் புயல் எச்சரிக்கை வந்த அன்றே படகு கழியை விட்டு ஏறி, மரைன் ஹில்லில் எங்கள் இரண்டு குடும்பமும் இருக்கும் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். படகை ஏற்றும் டிரெயிலரை ஹேடோவில் ஒரு வெல்டர் செய்து கொடுத்தார். அதை இழுக்க வாடகை வண்டி பிடிக்கலாமே என்பீர்கள். புயல் சமயத்தில் படகு வைத்திருக்கிற அத்தனை பேரும் கூப்பிடுவது அதே இரண்டு மூன்று வண்டிக்காரர்களைத்தான். ஒருவனும் போனை எடுக்க மாட்டான். சொந்த வண்டி வேண்டும், அடுத்த மழைக்குள் வேண்டும். புது வண்டி எங்கள் கைக்கு எட்டாது, ஆகவே பழையது.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாததால் கடையிலிருந்து தொடங்கினேன். ஹேடோவில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் கீழக்கரை பாய் எங்களுக்குப் பல வருடப் பழக்கம்.

"பாய், படகு இழுக்க எந்த வண்டி நல்லது?"

"எந்த வண்டின்னு கேக்காத தங்கச்சி. எந்த வண்டிக்கு என் கடையில சாமான் இருக்குன்னு கேளு. சாமான் கிடைக்காத வண்டிய வாங்குனா, கப்பல் வர்ற வரைக்கும் அதுக்குள்ள கோழி அடைக்கலாம்."

"சரி, எந்த வண்டிக்கு சாமான் அதிகமா விக்குது?"

காய்கறிக்காரர்களும் கட்டட வேலைக்காரர்களும் வைத்திருக்கும் ஒரு பிக்கப் வண்டியின் பெயரைச் சொன்னார். எனக்கு உடனே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது.

"அதிகமா விக்குதுன்னா, அது அதிகமா ரிப்பேர் ஆகுதுன்னு அர்த்தமா, இல்ல ரொம்ப நாள் உயிரோட இருக்குன்னு அர்த்தமா பாய்?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ரெண்டும்தான்னு வச்சுக்கயேன். உன்கிட்ட வியாபாரம் பண்றவன் பாவம்."

முதலில் அகப்பட்டது ஒரு டிரான்ஸ்ஃபர் வண்டி. இந்தத் தீவில் அது ஒரு திருவிழா மாதிரி. மெயின்லேண்டிலிருந்து வந்த அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு கையில் கிடைத்ததும் வீடே விலைக்கு வந்துவிடும். கட்டில், ஃப்ரிட்ஜ், ரோஜாத் தொட்டி, நாய்க்கூண்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். பாதி போர்ட் பிளேர் இன்னொருவர் சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்படி வந்த ஒரு நான்கு சக்கர இழுவை ஜீப்பைப் பார்த்துவிட்டுத் தம்பி குதித்தான்.

"அக்கா, ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ் காடி. மீட்டரப் பாரு. ஓடவே இல்ல. மெயின்லேண்ட் காடிக்கா."

மெயின்லேண்ட் வண்டி என்றால் இங்கே தனி மரியாதை. அந்த மரியாதையோடு நானும் போய்ப் பார்த்தேன். சிவப்பு நிறம், முகம் தெரிகிற பளபளப்பு. மீட்டர் உண்மையிலேயே குறைவுதான். வீட்டுக்காரம்மா தேநீர் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது, ஓடாத நேரத்தில் இந்த வண்டி என்ன செய்துகொண்டிருந்திருக்கும்? எழுந்து வெளியே பார்த்தேன். குவார்ட்டர்ஸ் வாசலுக்கு நேரே கடல். அத்தனை வருடமும் அது மூக்கைக் கடலுக்குக் காட்டி நின்றிருக்கிறது. இந்த ஊரில் எந்த வண்டியும் அதிகம் ஓடாது, ஓட இடமில்லை. நின்ற இடத்தில்தான் வயதாகும்.

என் கைப்பையில் ஒரு காந்தம் இருந்தது. மதுரைக்குப் போனபோது வாங்கிய கோயில் கோபுரம், ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற வகை. துருவைச் சுரண்டிவிட்டு அந்த ஓட்டையில் பட்டி அடைத்துச் சாயம் பூசியிருந்தால் காந்தம் பிடிக்காது என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். உண்மையா என்று பார்க்க ஆசைப்பட்டுத்தான் எடுத்துப் போயிருந்தேன். கதவின் மேல்பாதியில் கோபுரம் கம்பீரமாக நின்றது. கீழ்ப்பாதியில் வைத்தேன், பொத்தென்று தரையில் விழுந்தது. சக்கரத்துக்கு மேலே வைத்தேன், அங்கேயும் விழுந்தது. அதிகாரி முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

"மேடம், வண்டி வாங்க வந்தீங்களா, பூஜை பண்ண வந்தீங்களா?"

தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். திரும்பி வரும் வழியெல்லாம் தம்பி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். நானோ வழியில் நின்ற வண்டிகளில் எல்லாம் கோபுரத்தை ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் அலுவலக ஜீப்பின் கதவுக்குள் இரும்பே இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வண்டியில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து விழுந்தோம். சுற்றுலாப் படகு வைத்திருந்த ஒரு காண்டிராக்டரின் பிக்கப் அது. பின்னால் முன்கை பருமனுக்கு ஒரு இழுவைக் கொக்கி, ஏற்கெனவே பொருத்தியிருந்தது. தம்பி அந்தக் கொக்கியை எண்ணெய் தேய்த்த பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவினான்.

"ஹூக் ரெடியா இருக்கு பாருக்கா. படகு இழுத்து இழுத்துப் பழகுன வண்டி. மத்லப், நமக்கு ஒரு வேலையும் இல்ல. நேரா டிரெயிலர மாட்ட வேண்டியதுதான்."

தெருவே அதைத்தான் சொன்னது. பழகிய மாட்டை வாங்குகிற மாதிரி, படகு இழுத்துப் பழகிய வண்டியை வாங்கு என்றார்கள். பாயின் கடையில் இதற்குச் சாமான் உண்டு. கோபுரம் எல்லா இடத்திலும் ஒட்டியது. தம்பி மனைவி கூட வந்து பார்த்துவிட்டு, முன் இருக்கையில் பிள்ளையை உட்கார வைத்து ஹாரன் அடிக்க விட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வாரம் பேச்சை முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் படகை டிரெயிலரிலிருந்து எப்படித் தண்ணீரில் இறக்குகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. படகை மேலே தூக்கிப் போடுவார்களா, உருட்டி விடுவார்களா? தம்பியைக் கேட்டால், "அது ஈஸிக்கா" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு இறக்கும் சரிவுப் பாதைக்குப் போய், ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வண்டி டிரெயிலரைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது. டிரெயிலர் தண்ணீருக்குள் இறங்கியது. படகு மிதக்க இன்னும் ஆழம் வேண்டும், ஆகவே வண்டியும் பின்னாலேயே இறங்கியது. பின்சக்கரம் இரண்டும் கடலுக்குள். புகைக்குழாயிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. படகு மிதந்து நகர்ந்ததும் வண்டி சொட்டச் சொட்ட மேலே ஏறி, அப்படியே ஒரு மர நிழலில் போய் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி பீடி பற்ற வைத்தார். யாரும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. கொக்கி இருக்கிற வண்டி எல்லாம் கடலில் குளித்த வண்டி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அங்கிருந்து நேரே காண்டிராக்டரின் ஷெட்டுக்குப் போனேன். அவர் இல்லை. வண்டி நின்றது. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தேன். எங்கள் அலுவலகத்துக் கண்காணிப்பாளர் அந்த வழியாகப் போனதாகவும், என் கால்களைப் பார்த்து விபத்து என்று நினைத்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். வண்டியின் முன்பக்க அடிச்சட்டம் கெட்டியாக இருந்தது. கொக்கியைத் தாங்கும் பின்சட்டத்தில் குடை நுனியால் லேசாகக் குத்தினேன். பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிய்ந்து என் முகத்தில் விழுந்தது. கொக்கி மட்டும் புதுசு. வெளித்தகடும் புதுசு. நடுவில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது துரு. மரைன் ஹில் ஏற்றத்தில் படகோடு கொக்கி கழன்று பின்னால் உருண்டால் கீழே யார் யார் வீடு இருக்கிறது என்று படுத்தபடியே எண்ணிப் பார்த்தேன்.

தம்பியிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் பொங்கிவிட்டது.

"நீ எந்த வண்டியும் வாங்க விட மாட்ட. உனக்கு வண்டி வேணாம், நோண்டிக்கிட்டே இருக்கணும்."

"உன் படகு ரோட்டுல போறவன் தலையில ஏறணுமா?"

"பாரிஷ் வந்துரும்க்கா. ஆகாசத்தப் பாத்தியா?"

பார்த்தேன். மழை மேகம் தெற்கிலிருந்து கூடிக்கொண்டிருந்தது. என்னை அதைவிட வேறொன்று உறுத்தியது. தம்பி மனைவி அன்று மாலை துணி மடித்துக்கொண்டே, சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எப்போது திறக்கிறார்கள் என்று கேட்டாள். சும்மா கேட்பது மாதிரிதான் கேட்டாள். பிள்ளையின் ஸ்வெட்டரைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். இந்தத் தீவில் எந்தப் பிள்ளைக்கு ஸ்வெட்டர் தேவைப்படுகிறது?

மூன்றாவது வண்டி என் மூக்கின் வழியாக வந்தது. பஜாரில் நான் கீரை வாங்கும் சிப்பிகாட் வங்காளி விவசாயி ஒருவர் உண்டு. அவருடைய பிக்கப் பக்கத்தில் நின்றால் எப்போதும் எரிந்த எஞ்சின் ஆயில் நாற்றம் அடிக்கும். எங்கேயோ கசிகிறது என்றுதான் பல வருடமாக நினைத்திருந்தேன். ஒருநாள் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே குனிந்து பார்த்தேன். எங்கும் சொட்டவில்லை. ஆனால் அடிவயிறு முழுக்கக் கன்னங்கரேலென்று பூசியிருந்தது. அவரிடம் கேட்டேன். வண்டியை விற்கப் போவதாக அவரே சொன்னார். முழங்கால் வலி, இனிமேல் கிளட்ச் மிதிக்க முடியாதாம்.

மறுநாள் தம்பியை இழுத்துக்கொண்டு சிப்பிகாட்டுக்குப் போனேன். பாய் சொன்ன அதே வகை வண்டி. பார்க்கச் சகிக்காது. ஒரு கதவு பச்சை, ஒரு கதவு வெள்ளை. பின்தட்டில் முட்டைக்கோஸ் இலை அழுகிக் கிடந்தது. தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றான். நான் ஒரு வாழைச்சருகை எடுத்து அடியில் துடைத்தேன். கறுப்புப் பிசுக்குக்குக் கீழே இரும்பு. கொஞ்சம் தள்ளித் துடைத்தேன், அங்கேயும் இரும்பு. கோபுரத்தை வைத்தேன், ஒட்டியதை எடுக்க நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அந்த அழுகிய முட்டைக்கோஸ் கூட மணத்தது.

எதற்கு இப்படிப் பூசியிருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டேன். அவர் வரப்புக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். சுனாமியின்போது கடல்தண்ணீர் உள்ளே வந்து, வடியாமல் தங்கிவிட்ட நிலம். அவருடைய நெல்வயல் அதற்குள் இருக்கிறது. பாக்குமரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்துபோயினவாம். மிச்சமிருந்த மேட்டில்தான் இப்போது காய்கறி போடுகிறார். வண்டி வாங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு மழைக்கு முன்பும் துரு ஏறாமல் இருக்க எரிந்த ஆயிலை அடியில் பூசுவார். ஹேடோ துறைமுகம் பக்கம் போய்வந்தால் குளத்துத் தண்ணீரில் சக்கரத்தைக் கழுவிய பிறகுதான் அவர் சாப்பிடுவார்.

"தீதி, இஸ்கோ நமக் கா பானி கபி நஹி திகாயா" என்றார். இந்த வண்டிக்கு உப்புத் தண்ணீரைக் கண்ணில் காட்டியதே இல்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டு, எங்களுக்கு வண்டி எதற்கு என்று விசாரித்தார். நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் தம்பி சொல்லிவிட்டான்.

"படகு இழுக்க."

அவர் சாவியை மடியில் முடிந்துகொண்டார். படகுக்காரனுக்குத் தர மாட்டேன் என்றார். விலையை ஏற்றுவதற்காக நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. வண்டிக்குப் போட்டிருந்த தார்ப்பாயை இழுத்து மறுபடி மூட ஆரம்பித்தார்.

இத்தனை வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, கடைசியில் சரியான ஒன்றைக் கண்டுபிடித்தால் அதன் சொந்தக்காரர் கடலோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். நான் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போன வருடப் புயல், தம்பியின் தோள், கரையில் கத்தி நின்றவள், எடுத்து வைத்த ஸ்வெட்டர். என் இந்தியில் பாதி தமிழ் கலந்திருந்தது. அவருக்குப் புரிந்தது. தம்பிக்கும் ஸ்வெட்டர் விஷயம் அன்றுதான் தெரியும். அவன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட ஆரம்பித்தான்.

"தாதா, லம்பா பைப்."

வண்டிக்கும் டிரெயிலருக்கும் நடுவே ஒரு நீளமான இரும்புக் குழாய். படகை ஏற்றும்போதும் இறக்கும்போதும் மட்டும் அதை மாட்டிக்கொள்வது. டிரெயிலர் தண்ணீருக்குள் போகும், வண்டி காய்ந்த கரையிலேயே நிற்கும். வேலை முடிந்ததும் குழாயைக் கழற்றிவிட்டு வழக்கம்போல் இழுத்துக்கொண்டு போகலாம். விவசாயி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். தன் செருப்பு முனையால் குழாயை இன்னும் ஒரு முழம் நீளமாக்கினார். பிறகு மடியை அவிழ்த்து சாவியை எடுத்தார்.

ஏற்றம் ஏறுமா என்று பார்க்காமல் நான் வாங்குவதாக இல்லை. படகின் கனத்துக்குத் தேங்காய் மூட்டை ஏற்றி மரைன் ஹில்லுக்குக் கொண்டு வரச் சொன்னேன். புதுக் கால் மிதித்தால் கிளட்ச் கருகிவிடும் என்று அவரே ஓட்டினார். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொன்னேன். நின்றது, எடுத்தது, ஏறியது. தெருக்காரர்கள் கைதட்டினார்கள். தம்பி மனைவி வாசலில் நின்று, பச்சைக் கதவையும் வெள்ளைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுதானா மதினி?"

"இதேதான்."

"பெயிண்டு அடிக்கலாம்ல?"

அந்த ஒரு கேள்விக்காகவே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊரை விட்டுப் போகிறவள் பெயிண்டைப் பற்றிக் கேட்பாளா?

வண்டியை ஒப்படைத்த அன்று விவசாயி இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்தார். இந்தத் தீவின் படாக் மரத்தில் ஆப்பு மாதிரி செதுக்கியது, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருந்தது. இதுவும் வண்டியோடு சேர்த்தி, பத்திரம் என்று தம்பி கையில் கொடுத்தார். ஏதோ சென்டிமென்ட் என்று வாங்கி வைத்துக்கொண்டோம்.

கட்டையின் அர்த்தம் வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. எங்கள் முற்றமே ஒரு சரிவு. தம்பி வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். வண்டி மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல் பின்னால் நகர ஆரம்பித்தது. அவன் பாய்ந்து ஏறி மிதித்தான். அடிச்சட்டம் முதல் ஆக்ஸில் வரை நோண்டிய நான், ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பார்க்கச் சொல்லவே இல்லை. சிப்பிகாட்டின் சமதரையில் அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. மேட்டில் நிறுத்தினால் கட்டையை வைப்பார். ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது, மருந்தைக் கையில் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார். நான் ஆத்திரத்தில் கத்தினேன், தம்பி சிரித்தான்.

பாயிடம் ஓடினேன். அந்த வண்டிக்கு எல்லாச் சாமானும் கடையில் இருந்தது, ஹேண்ட்பிரேக் கேபிளைத் தவிர.

"சென்னையில லோடாயிருச்சு தங்கச்சி. கப்பல்ல வந்துக்கிட்டே இருக்கு."

ஹேடோ வெல்டர் வண்டிக்குக் கொக்கியும் அந்த நீளக் குழாயும் செய்து கொடுத்துவிட்டார். ஆனால் கப்பலுக்கு முன்னால் எச்சரிக்கைக் கூண்டு வந்துவிட்டது. காற்றழுத்தம் என்றார்கள், கப்பல்கள் நின்றன. தம்பி அன்று காலையிலேயே சிப்பிகாட்டுக்குப் போனான். குழாயை மாட்டி, வண்டியின் சக்கரத்தில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் படாமல் படகை ஏற்றினான். விவசாயி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். மத்தியானத்துக்கு முன் படகு மரைன் ஹில் ஏறி முற்றத்துக்கு வந்துவிட்டது. டிரெயிலரைக் கழற்றாமல், வண்டியோடு சேர்த்தே நிறுத்தி, பலாமரத்தில் கயிறு கட்டினோம். சக்கரத்துக்குக் கீழே படாக் கட்டையை அடித்து இறுக்கினான். படகை முற்றத்தில் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. கடலில் சின்னதாகத் தெரிந்தது, வாசலில் ஒரு எருமை அளவுக்கு நின்றது.

மத்தியானம் காற்று ஏறியது. கரண்ட் போனது. பலாமரம் சுழன்றது. நான் ஜன்னலை இழுத்து மூடிக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி நனைந்தபடி உள்ளே வந்தாள்.

"மதினி, அவுகளக் காணோம்."

"எங்கயாச்சும் கொல்லையில இருப்பான்."

"ரெயின்கோட் ஆணியில இல்ல."

போன வருடம் பிள்ளையை என் மடியில் போட்டபோது பார்த்த அதே முகம். படகு முற்றத்தில் இருக்கிறது, பிறகு எங்கே போவான்? யாருடைய படகையாவது பிடிக்கப் போய்விட்டானா? அப்படியும் செய்யக்கூடியவன்தான். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரு குடையோடு வெளியே ஓடினோம். குடை வாசலிலேயே மலர்ந்துவிட்டது.

வண்டியின் பச்சைக் கதவுக் கண்ணாடி உள்ளே ஆவி படிந்து வெளுத்திருந்தது. தம்பி மனைவி அதைக் கையால் தட்டினாள். உள்ளே இருந்து யாரோ ஆவியைத் துடைத்தார்கள். தம்பியின் முகம் தெரிந்தது. அவள் கதவைத் திறந்தாள். ரெயின்கோட்டோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது காலை பிரேக்கில் அழுத்தி உட்கார்ந்திருந்தான்.

"இங்க என்ன பண்றீக?"

"ஹேண்ட்பிரேக் இல்லல்ல. காத்து அடிக்கிற அடியில உருண்டுருச்சுன்னா?"

"கட்டை வச்சிருக்குல்லா?"

"வச்சிருக்கு. இருந்தாலும்."

நான் குனிந்து கட்டையைப் பார்த்தேன். சக்கரம் அதன் மேல் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு விரற்கடை கூட நகரவில்லை. அவன் கால் அங்கே தேவையே இல்லை. சொல்லலாம் என்று நிமிர்ந்தேன்.

தம்பி மனைவி கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மழை அவள் முகத்தில் வழிந்தது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உலர்ந்திருந்தான், வீட்டு வாசலில் இருந்தான், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தான். அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எவ்வளவு நேரம் இப்படி மிதிச்சுக்கிட்டு உக்காருவீக?"

"காத்து நிக்கிற வரைக்கும்."

அவள் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி, அவனை ஒரு தள்ளு தள்ளினாள்.

"கால் கடுக்கும். கொஞ்ச நேரம் நான் மிதிக்கேன். எது பிரேக்குன்னு காட்டுங்க."

அவன் காட்டினான். நான் கதவைச் சாத்திவிட்டு, தேநீர் போட உள்ளே போனேன்.